தவளைத் தோலும் மனித உயிரும்

(கிளென்மார்கனில் தேயிலைத் தோட்டத் தோழர்களிடையே பேசியதன் சாரம்)



தவளையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னவுடன் பின்னால் இருக்கும் இளைஞர்கள் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உலகத்தில் பேசுவதற்கு வேறு விஷயமா இல்லை, கூலியைப் பற்றிப் பேசலாம், குடியிருக்கும் லயத்தின் ஒழுகலைப் பற்றிப் பேசலாம், நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டுக் குளிரில் வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் தவளைப் புராணம் படிப்பதா என்று உங்களில் பலருக்குத் தோன்றலாம். புராணம் படிப்பது நம்முடைய வேலையல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தவளையின் தோலிலே நம்முடைய குழந்தை குட்டிகளின் உயிரைப் பற்றிய ஒரு காரியம் அடங்கியிருக்கிறது என்று உலகத்து ஆராய்ச்சிக்காரர்கள் சுமார் 40 வருஷ காலமாகப் பாடுபட்டு வருகிறார்கள். அதிலே ஒரு முக்கியமான பங்கு நமக்கு அடுத்த மலையாள நாட்டில் நடந்திருக்கிறது. அதை உள்ளது உள்ளபடி சொல்லவே வந்தோம். கூட்டியும் சொல்லமாட்டோம், குறைத்தும் சொல்லமாட்டோம்.

முதலில் நாம் இந்தப் பிராணியை என்னவாக வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். மழை பெய்யாவிட்டால் இரண்டு தவளைகளைப் பிடித்து, மஞ்சள் பூசி, மாலை போட்டு, தாலி கட்டிக் கலியாணம் செய்து வைக்கிறோம். சில ஊர்களில் மேளமும் சாப்பாடும்கூட உண்டு. மழைக்காலத்தில் தவளை கத்துகிறது என்பது வாஸ்தவம். ஆண் தவளை பெண் தவளையைக் கூப்பிடுகிறது; முட்டையிடத் தண்ணீர் வேண்டும், ஆகையால் ஈரம் கண்ட சமயத்தில் கூப்பிடுகிறது. மழை வந்ததால் தவளை கத்துகிறதே ஒழிய, தவளை கத்தியதால் மழை வரவில்லை. இந்த மலையிலே ஆனி ஆடி மாதங்களில் விடாமல் கொட்டுகிறதே, இங்கே எந்தத் தவளைக்கு யார் தாலி கட்டினார்கள் என்று கேட்கின்றோம்.

கலியாணமாவது வேடிக்கையோடு போய்விடும். தேரை தோஷம் என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதுதான் உயிரைக் குடிக்கும் விஷயம். ஒரு குழந்தை வயிறு உப்பி, கை கால் சூம்பி, தோல் சுருங்கிப் போனால் தேரை விழுந்துவிட்டது, தேரையின் நிழல் பட்டுவிட்டது என்று சொல்லி, மந்திரித்த கயிற்றையும் தாயத்தையும் கட்டி மாதக் கணக்கில் காத்திருப்பது. தேரைக்கும் அந்தக் குழந்தைக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. போதிய ஆகாரமில்லாததும், ஓயாத வயிற்றுப்போக்கும், குடற்புழுவும், சில சமயங்களில் காசநோயுமே அந்த மெலிவுக்குக் காரணம். தாய்க்கு வயிறு நிறையச் சோறும், குழந்தைக்குப் பாலும் முட்டையும் பருப்பும், தக்க மருந்தும் கிடைத்தால் தேறக்கூடிய உயிரை, ஒரு தேரையின் பேரைச் சொல்லிப் போக்கடிக்கிறோம். கயிறு கட்டியவனுக்குத் தட்சணை கிடைத்துவிடுகிறது. குழந்தை செத்தால் தோஷம் பொல்லாதது என்று சொல்லிவிடுகிறான். பிழைத்தால் தன் மந்திரம் என்கிறான். இப்படி இரண்டு பக்கமும் நஷ்டமில்லாத வியாபாரம் வேறு எங்கேனும் உண்டா?

இன்னும், தேரையைத் தொட்டால் மரு வரும் என்கிறோம். மரு என்பது மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொத்துகிற ஒரு நுண்கிருமியால் வருவது. தேங்காயில் பருப்பில்லாவிட்டால் தேரை மோந்தது என்கிறோம். ஓட்டுக்கும் மட்டைக்கும் உள்ளே இருப்பதை வெளியிலிருந்து மோந்து பார்த்துத் தின்றுவிடும் சாமர்த்தியம் அந்தத் தேரைக்கு இருந்தால் அது ஏன் சேற்றில் கொசுவைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது?

நிற்க. இனித் தவளையின் நிஜமான சங்கதிக்கு வருவோம்.

நம்முடைய தோல் உலர்ந்தது, தடித்தது. தவளையின் தோல் மெல்லியது, எப்போதும் ஈரமானது. அது தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பகுதியைத் தோலாலேயே விடுகிறது. இப்படிப்பட்ட ஈரத் தோலோடு அது வசிக்கும் இடமோ சாக்கடையும் குட்டையும் அழுகிய இலையும். ஒரு சொட்டுக் குட்டைத் தண்ணீரில் லட்சக்கணக்கான கிருமிகள் இருக்கும். காலில் ஒரு வெட்டுக்காயத்தோடு நாம் ஒரு வாரம் அந்தக் குட்டையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? கால் அழுகி, ஆளே போய்விடுவோம். தவளை மாத்திரம் ஏன் அழுகவில்லை?

இந்தக் கேள்வியை 1987-ம் வருஷத்தில் அமெரிக்க சர்க்காரின் தேசீய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த மைக்கேல் ஜாஸ்லாஃப் என்னும் டாக்டர் கேட்டார். அவர் தவளையின் முட்டையை வேறொரு ஆராய்ச்சிக்காக எடுத்து வந்தார். அதற்காக ஆப்பிரிக்க நகத் தவளை என்னும் ஒரு ஜாதியை வைத்திருந்தார். (இந்த ஜாதித் தவளை உலகமெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் பரவியதற்குக் காரணம் ஒரு விந்தை. ஒரு காலத்தில் பெண் கர்ப்பமா அல்லவா என்று பார்க்க, அவள் சிறுநீரை இந்தத் தவளைக்கு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். கர்ப்பமானால் தவளை முட்டையிடும்.) ஜாஸ்லாஃப் தவளையின் வயிற்றை அறுத்து முட்டைப் பையை எடுத்து, தைத்து, மறுபடியும் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியிலேயே போட்டுவிடுவார். கிருமி நிறைந்த அந்தத் தண்ணீரில் தவளையின் காயம் சீழ் பிடிக்காமல், வீங்காமல், சுத்தமாக ஆறியது. அவருக்கு முன்னே எத்தனையோ பேர் அதே தவளையை அதே மாதிரி அறுத்துத் தைத்து அதே மாதிரித் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் காயம் ஆறியது தெரியும். ஏன் ஆறியது என்று நின்று யோசித்தவர் இவர். தோலைச் சோதித்ததில் கிருமியைக் கொல்லும் இரண்டு சிறு பொருள்கள் அகப்பட்டன. அவற்றிற்கு மகைனின் என்று பேர் வைத்தார். யூதர்களின் ஹீப்ரு பாஷையில் கேடயம் என்று அர்த்தமுள்ள சொல்லிலிருந்து எடுத்த பேர். இவருக்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு வகைத் தேரையின் தோலிலும், 1981-ல் ஸ்வீடன் தேசத்து ஹன்ஸ் போமன் ஒரு பட்டுப்பூச்சி ஜாதியிலும் இது போன்ற பொருள்களைக் கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் உலகத்தின் கண் தவளையின் பக்கம் திரும்பியது 1987-க்குப் பிறகுதான்.

இந்தப் பொருளுக்குப் பெப்டைடு என்று பேர். பயந்துவிடாதீர்கள். இறைச்சியிலும் பருப்பிலும் உள்ள புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. அந்த மாலையில் ஒரு சாண் துண்டுதான் பெப்டைடு. மகைனினில் 23 மணிகள். கிருமியை இது எப்படிக் கொல்லுகிறது என்றால், பாக்டீரியாக் கிருமியின் மேல் சவ்வு எதிர் மின்சாரம் உள்ளது. இந்தப் பெப்டைடு நேர் மின்சாரம் உள்ளது. ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பெப்டைடு சவ்வுக்குள் நுழைந்து பொத்தல் போட்டுவிடும். தண்ணீர்த் தோற்பையில் ஆணி அடித்தது போல உள்ளே இருப்பது வெளியே ஒழுகிக் கிருமி செத்துவிடும். மனித உடம்பின் அணுக்களுடைய வெளிச் சவ்வில் அந்த மாதிரி எதிர் மின்சாரம் அவ்வளவாக இல்லாததாலும், கொழுப்பு வேறு விதமாக இருப்பதாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன. நம்முடைய தோலிலும் வெள்ளை ரத்த அணுக்களிலும்கூட இதே இனத்துப் பொருள்கள் உண்டு. தவளையிடம் அவை ஏராளமாகவும் பல ரகமாகவும் இருக்கின்றன என்பதுதான் விசேஷம்.

இந்த இடத்தில் ஒரு பேர்வழி எழுந்து, இதெல்லாம் எங்கள் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும் என்று சொல்லக் கூடும். அவருக்கு ருஷியாவில் நடந்ததைச் சொல்லுகிறோம். அங்கே கிராமத்தார்கள் பால் திரிந்து போகாமலிருக்கப் பால் பானையில் ஒரு தவளையைப் போட்டு வைப்பார்களாம். மாஸ்கோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆல்பர்ட் லெபதேவ் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் அந்த நாட்டுப் பழுப்புத் தவளையின் தோலைச் சோதித்து, அதற்கு முன் தெரியாதிருந்த 76 பெப்டைடுகளை எடுத்து 2012-ல் வெளியிட்டார்கள். அவற்றில் சில கிருமிகளை நன்றாகத் தடுத்தன. ஆகவே பழைய வழக்கத்தில் ஏதோ இருந்தது. பாட்டி சொன்னாள் என்று ஒப்புக்கொள்ளவுமில்லை, பாட்டி சொன்னாள் என்பதற்காகத் தள்ளவுமில்லை; சோதித்தார்கள். தேரை தோஷத்தையும் அதே தராசில் போடச் சொல்லுகிறோம். அதில் போட்டால் அது நிற்காது என்பதனால்தான் தோஷக்காரர்கள் தராசு என்றவுடனே கோபித்துக்கொள்கிறார்கள்.

இனி நம் பக்கத்துக் கதை. இதற்கு முன் விஷக் காய்ச்சலைப் பற்றி, அதாவது இன்புளுயன்சாவைப் பற்றி, இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 1918-ல் வந்த இன்புளுயன்சாவில் இந்தியாவில் மாத்திரம் 1 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். பிணத்தை எடுக்க ஆளில்லை. அப்போதும் மாரிக்குக் கூழ் ஊற்றினார்கள், மாரி கேட்கவில்லை. இந்த ஜில்லாவிலே குன்னூரில் 1907-ல் ஏற்பட்ட பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்து வந்ததை நீங்கள் அறிவீர்கள். அந்த இடத்திலேயே 1950-ல் இந்தியாவுக்கான இன்புளுயன்சா மையமும் வைக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலோடு இன்புளுயன்சா இந்நாட்டில் இறங்கித் தேசமெங்கும் பரவிய காலத்தில், அந்தக் கிருமியை ஆராய்ந்தவர்கள் நம் மலையில் இருந்தவர்கள்தான்.

இன்புளுயன்சாக் கிருமியின் மேலெல்லாம் சிறு சிறு காளான்கள் முளைத்தது போல முட்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, ஒரு தண்டு. தலை வருஷா வருஷம் வேஷம் மாறும். அதனால்தான் போன வருஷத்துத் தடுப்பு ஊசி இந்த வருஷத்துக்கு உதவாமல் போகிறது. தண்டு அவ்வளவாக மாறுவதில்லை. தலையின் வகையை வைத்து எச்-1, எச்-2, எச்-3 என்று கிருமியைப் பிரித்திருக்கிறார்கள். 1918-ல் வந்தது எச்-1. 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று பேர் பெற்று வந்ததும் எச்-1. 1957-ல் வந்தது எச்-2.

திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையம் என்று ஒன்றிருக்கிறது. அங்கே சனில் ஜார்ஜ் முதலியவர்கள் மேற்கு மலைத் தொடரில் உள்ள ஒரு தவளையைப் பிடித்து, அதன் தோலில் மிகவும் லேசான மின்சாரத்தைத் தட்டி, அது வெளியிட்ட வழுவழுப்பான நீரைச் சேகரித்துக்கொண்டு, தவளையைத் திரும்ப விட்டுவிட்டார்கள். உடம்பில் வண்ணப் பட்டையுள்ள இந்தத் தவளைக்கு ஹைட்ரோஃபைலாக்ஸ் பஹுவிஸ்தாரா என்று 2015-ல்தான் தனிப் பேர் ஏற்பட்டது. பஹுவிஸ்தாரா என்றால் பரந்து கிடப்பது. அமெரிக்காவில் எமரி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோஷி ஜேக்கப் என்பவருடைய கூட்டத்தார் இத்தவளைப் பெப்டைடுகளில் 32-ஐ இன்புளுயன்சாக் கிருமியின் மேல் விட்டுப் பார்த்தார்கள். நான்கு வேலை செய்தன. அந்த நான்கையும் மனித ரத்தத்தின் சிவப்பணுக்களில் விட்டுப் பார்த்தபோது மூன்று விஷமாக முடிந்தன. ஒன்று மாத்திரம் அணுக்களுக்குத் தீங்கு செய்யாமல் கிருமியை மட்டும் கொன்றது. 27 மணிகள் கோத்த அந்தப் பெப்டைடுக்கு உருமின் என்று பேர் வைத்தார்கள். நம் ஜனங்கள் உறுமி மேளத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. மலையாளத்தில் உருமி என்பது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் வாள். நாம் சுருள் வாள் என்கிறோமே, அது.

இந்தச் சுருள் வாள் கிருமியின் தலையை வெட்டவில்லை, மாறாத தண்டைப் பிடித்துக்கொண்டது. கிருமி உடைந்து சிதைந்து போனதை எலெக்ட்ரான் பூதக் கண்ணாடியில் பார்த்தார்கள். தடுப்பு ஊசி போடாத சுண்டெலிகளுக்குச் சாகும்படியான அளவு இன்புளுயன்சாவைக் கொடுத்து, மூக்கு வழியாக உருமினைச் செலுத்தியபோது அது அவற்றைக் காத்தது. 2017 ஏப்ரலில் ‘இம்யூனிட்டி’ என்னும் பத்திரிகையில் இதை வெளியிட்டார்கள். எச்-1 வகைக்கு மாத்திரமே இது வேலை செய்தது. எச்-3 வகைக்குச் செய்யவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். எந்த மடாதிபதியாவது, எந்த மந்திரவாதியாவது, என்னுடைய விபூதி இந்த ஜுரத்துக்குக் கேட்கும், அந்த ஜுரத்துக்குக் கேட்காது என்று தாமே எழுதி வெளியிட்டதுண்டா?

அப்படியானால் ஆஸ்பத்திரியில் உருமின் கொடுக்கிறார்களா என்றால், இல்லை. அது சுண்டெலியோடு நிற்கிறது. மகைனினின் கதையையும் கேளுங்கள். அதை மாற்றிச் செய்த பெக்சிகனான் என்னும் களிம்பை, சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணுக்குப் போட்டு நூற்றுக்கணக்கானவர்களிடம் பரீட்சை பார்த்தார்கள். வழக்கத்திலுள்ள மாத்திரையைவிட இது மேலானதென்று ருஜுவாகவில்லை என்று 1999-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுக்க மறுத்துவிட்டது. பிறகு 2016-ல் மறுபடியும் பெரிய பரீட்சை நடந்தது, அதிலும் தோற்றது. காரணங்கள் பல. பெப்டைடு ஒரு புரதத் துண்டாகையால் விழுங்கினால் வயிறு அதை மீன் துண்டைப் போல ஜீரணம் செய்துவிடும். ரத்தத்தில் செலுத்தினாலும் சீக்கிரம் துண்டுபட்டுப் போகும். அளவு கூடினால் சில ரகங்கள் சிவப்பணுவையும் உடைக்கும். மணி மணியாகக் கோத்துச் செய்வதில் செலவும் அதிகம்.

ஆகவே இன்றைக்குத் தவளைத் தோல் களிம்பு, தவளைத் தைலம் என்று யாராவது சந்தையில் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். காய்ச்சலுக்குத் தவளையைச் சுட்டுத் தின்னலாம், புண்ணில் தேய்க்கலாம் என்று யாராவது கிளம்பினாலும் காது கொடுக்காதீர்கள். தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள மேட்டில் இருதயத்தை நிறுத்தக்கூடிய விஷப் பால் இருக்கிறது. தேரையைத் தின்று செத்தவர்கள் உண்டு.

இவ்வளவு தோல்விக்குப் பிறகும் ஏன் விடாமல் தேடுகிறார்கள்? கையிலிருக்கும் மருந்துகள் மழுங்கி வருகின்றன என்பதே காரணம். 1928-ல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பூஞ்சைக் காளானில் பென்சிலினைக் கண்டார். 1945-ல் நோபல் பரிசு வாங்கப் போன இடத்திலேயே, அரைகுறை அளவில் சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று அவர் எச்சரித்தார். அதுவே நடந்தது. மிகவும் உயர்ந்த மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் இந்தியாவில் பரவியிருப்பதை 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. அதை முன்னின்று எழுதியவர் சென்னை சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி என்பவர். 2019-ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் செத்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பெப்டைடு வந்துவிட்டால் மாத்திரம் கிருமி பழகாதா என்று கேட்பீர்கள். பழகும். கோலிஸ்டின் என்பது மண் கிருமியிலிருந்து எடுத்த பெப்டைடு மருந்து; அதுவும் கிருமியின் சவ்வைக் கிழிப்பதே. எல்லா மருந்தும் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கும் இதை, கோழி சீக்கிரம் கொழுக்க வேண்டுமென்று தீவனத்தில் கலந்தார்கள். 2015-ல் சீனாவில் இதற்கும் அடங்காத கிருமி, பன்றியிலும் இறைச்சியிலும் மனிதரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு 2019-ல்தான் இந்திய சர்க்கார் கால்நடைத் தீவனத்தில் அதைத் தடுத்தது.

இதில் நமக்குள்ள பங்கு சொற்பமல்ல. ஜலதோஷத்துக்கும் இன்புளுயன்சாவுக்கும் காரணம் வைரஸ். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. இருந்தும் காய்ச்சல் என்றவுடன் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறோம். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற பயம் அதற்குக் காரணம் என்பதை அறியாமல் நாம் பேசவில்லை. காய்ச்சல் கண்டவனுக்கு லீவும், பக்கத்தில் ஒரு டாக்டரும் இல்லாத இடத்தில் மாத்திரைக் கடைக்காரனே டாக்டராகிவிடுவான். ஆயினும் அந்த இரண்டு மாத்திரை வைரஸை விட்டுவிட்டு, உங்கள் குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கிறது. நாளைக்கு உங்கள் பெண்டாட்டிக்குப் பிரசவத்தில் ஜன்னி கண்டால், அப்போது மருந்து கேட்காது. டாக்டர் ஐந்து நாளைக்கென்று எழுதிக் கொடுத்தால் ஐந்து நாளும் சாப்பிடுங்கள்; எழுதாவிட்டால் ஒன்றும் வேண்டாம்.

கடைசியாக இந்தத் தோட்டத்துத் தவளைகளைப் பற்றி. இங்குள்ள நீர்த்தேக்கத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் கீழே சிங்காராவில் 1932 முதல் மின்சாரம் எடுக்க உதவுகிறது என்பது உங்களுக்குப் பெருமை. அதே ஓடைக்கரைகளிலும் சோலையிலும் இருக்கும் தவளைகளின் மதிப்பை யாரும் சொன்னதில்லை. சென்னைப் பட்டாளத்து வைத்தியராயிருந்த ஜெர்டன் என்னும் வெள்ளைக்காரர் 1853-லேயே இந்த நீலகிரியின் மரத்தவளையொன்றையும், மணி தட்டுவது போல் சத்தமிடும் புதர்த்தவளையொன்றையும் உலகத்துக்கு எழுதிக் காட்டினார். இரண்டும் மேற்கு மலைத் தொடரைத் தவிர வேறெங்கும் இல்லை. தேயிலைக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் டப்பாவை ஓடையில் கழுவினால், தோலாலேயே குடிக்கும் பிராணி முதலில் சாகும். நெல் வயலில் இதன் பலனை முன்பே பார்த்தாயிற்று. தவளைக் காலை வெட்டி வெட்டிச் சீமைக்கு அனுப்பினார்கள். வயலில் பூச்சி பெருகிற்று. 1987-ல் இந்திய சர்க்கார் அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. இப்போது தவளையின் தோலையே தின்னும் ஒரு பூஞ்சை உலகமெங்கும் பரவி, 90 ஜாதிகளை அடியோடு அழித்ததாக 2019-ல் கணக்கெடுத்தார்கள். அந்தப் பூஞ்சை மேற்கு மலைத் தொடரிலும் காணப்பட்டிருக்கிறது.

உருமினுக்காகப் பிடித்த தவளையைக் கொல்லவில்லை என்று சொன்னோம். ஒரு தரம் 27 மணிகளின் வரிசை தெரிந்துவிட்டால் அப்புறம் அதை யந்திரத்திலேயே கோத்துக்கொள்ளலாம்; தவளையை மறுபடியும் தொட வேண்டியதில்லை. வரிசையை எழுதிக்கொள்ளும் வரையில் மாத்திரம் அந்தத் தவளை ஓடையில் உயிரோடு இருந்தாக வேண்டும்.